குர்ஜன் காட்டிலிருந்து அம்பர் ஆய்வகத்துக்கு

பூச்சியும் இலையும் பூவும் உறைந்து கிடக்கும் அம்பர் துண்டுகளைச் சேர்ப்பதையே தொழிலாக்கிக்கொள்ள முடியுமா? அந்தமானில் பிளஸ் டூவோ பி.எஸ்ஸியோ படிக்கும் ஒருவர் இப்படிக் கேட்டால், பதிலை இரண்டாகப் பிரித்துத்தான் சொல்ல வேண்டும். வெறுமனே சேர்ப்பதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. சேர்த்ததை நுண்ணோக்கியில் வைத்து, ‘இது இந்தக் குடும்பத்துப் பூச்சி, இது இந்த மரத்தின் பிசின்’ என்று சொல்லத் தெரிந்தவருக்கு வேலை உண்டு. அப்படிச் சொல்லத் தெரிந்தவர்கள் அம்பரைவிட அரிது. தீவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த வேலையில் ஒரு கூடுதல் பலமும் இருக்கிறது.

சூரத்துக்கு அருகே ஒரு பழைய காடு

இந்தியாவில் பூச்சிகளுடன் அம்பர் கிடைக்கும் முதன்மையான இடம் குஜராத். சூரத்துக்கு வடகிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. நிலக்கரியை வெட்டும்போது இடையிடையே தேன் நிறத்திலும் பழுப்பு நிறத்திலும் பிசின் கட்டிகள் வந்தன. வயது ஐந்து கோடி ஆண்டுகளுக்கு மேல். லக்னோவில் உள்ள பீர்பால் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனத்தின் ஹுக்கம் சிங், கர்வால் பல்கலைக்கழகத்தின் ராஜேந்திர ராணா, ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஸ் ரஸ்ட், நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டேவிட் கிரிமால்டி ஆகியோர் அடங்கிய குழு 2010-ல் முடிவுகளை வெளியிட்டது. 14 வரிசைகளில் 55 குடும்பங்களைச் சேர்ந்த 700-க்கும் மேற்பட்ட பூச்சிகளும் சிலந்திகளும் பட்டியலில் இருந்தன. எறும்பு, கறையான், தேனீ, கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாத சிறு ஈக்கள் என எல்லாம் உண்டு. இதற்குக் காம்பே அம்பர் என்று பெயர்.

கண்டுபிடிப்பின் எடை எண்ணிக்கையில் இல்லை. இந்தியத் துண்டு ஆப்பிரிக்காவைப் பிரிந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் தனித் தீவாக மிதந்து வந்து ஆசியாவில் முட்டியது என்பது நமக்குத் தெரிந்த கதை. அவ்வளவு காலம் தனித்திருந்த நிலத்தில் வேறெங்கும் இல்லாத பூச்சிகள்தான் இருக்க வேண்டும். அம்பரில் இருந்தவையோ ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் இருந்த பூச்சிகளின் சொந்தங்கள். அப்படியானால் மோதலுக்கு முன்பே உயிர்கள் வந்து போக ஏதோ வழி இருந்திருக்கிறது. ஒரு கண்டத்தின் வரலாற்றையே கேள்வி கேட்க வைத்தவை சில மில்லிமீட்டர் நீளப் பூச்சிகள். அவற்றின் குடும்பத்தைச் சரியாகச் சொல்ல ஆள் இருந்ததால்தான் இது நடந்தது.

அந்தப் பிசின் எந்த மரத்தினுடையது என்பதை வேதியியல் சொன்னது. டிப்டெரோகார்ப் குடும்ப மரங்களின் பிசின் அது. மும்பை ஐ.ஐ.டி.யின் சூர்யேந்து தத்தா குழு 2011-ல் இந்தப் பிசின் சான்றை வைத்து, ஆசியாவின் டிப்டெரோகார்ப் மரங்கள் இந்தியாவிலிருந்துதான் கிழக்கே பரவின என்று எழுதியது. 2022-ல் மகரந்தப் புதைபடிவங்களையும் சேர்த்துப் பார்த்தபோது கதை இன்னும் பின்னால் நகர்ந்தது: ஆப்பிரிக்காவில் தோன்றி, இந்தியாவுக்கு வந்து, இங்கிருந்து தென்கிழக்கு ஆசியா போன குடும்பம் அது.

அந்தமான்காரருக்கு என்ன பலம்

தீவில் அம்பர் சுரங்கம் இல்லை. காரணம் பாறையில் இருக்கிறது. அந்தமான் பாறைகளில் பெரும்பகுதி ஆழ்கடலில் படிந்த வண்டலும் கடல்தரையிலிருந்து மேலே தள்ளப்பட்ட எரிமலைப் பாறையும்தான். பிசின் அம்பராக வேண்டுமானால் காற்று எட்டாத சேற்றில் சீக்கிரம் புதைந்து, அப்படியே கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுந்திக் கிடக்க வேண்டும். அதனால்தான் அது பெரும்பாலும் நிலக்கரிப் படிவுகளில் சிக்குகிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில்கூடப் புதைபிசின் துணுக்குகள் உண்டு.

தீவில் இருப்பது வேறொன்று. வஸ்தானில் கல்லாகிக் கிடக்கும் காட்டின் உறவுக்காடு இங்கே உயிரோடு நிற்கிறது. குர்ஜன் மரம் டிப்டெரோகார்ப் குடும்பம்தான்; அந்தமானில் அதன் இனங்கள் பல. கோயில் தூபத்தில் போடும் குங்கிலியமும் இதே குடும்பத்து மரப்பிசின். போர்ட் பிளேரில், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், 1883-ல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலைக்கு ஒருமுறை போய், அங்குள்ள வன அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள். படாக்கு எது, குர்ஜன் எது என்று பலகையைப் பார்த்தே சொல்லப் பழகுவது நல்ல முதல் பாடம்.

மெயின்லேண்டில் இந்தத் துறைக்கு வருபவர்களில் பலர் ஜியாலஜி வழியாக வருகிறார்கள். பாறையை நன்றாகப் படிப்பார்கள், பூச்சியிடம் தடுமாறுவார்கள். தீவுப் பிள்ளைகள் உயிரியலிலிருந்து தொடங்கலாம். ஜவாஹர்லால் நேரு ராஜ்கீய மகாவித்யாலயாவில் விலங்கியலோ தாவரவியலோ எடுங்கள். இந்திய விலங்கியல் ஆய்வகம், இந்தியத் தாவரவியல் ஆய்வகம் இரண்டுக்கும் ஸ்ரீ விஜயபுரத்திலேயே வட்டார மையங்கள் இருக்கின்றன. மெயின்லேண்டின் பல மாவட்டத் தலைநகரங்களில் இந்த வசதி கிடையாது. வாசலில் இருப்பதால் அதன் அருமை தெரியாமல் போய்விடக் கூடாது.

பிசினில் எந்தப் பூச்சி மாட்டுகிறது?

அம்பர் ஆய்வில் ஒரு பெரிய கேள்வி உண்டு. அம்பரில் கிடைக்கும் பூச்சிகள் அந்தக் காலத்துக் காட்டை முழுதாகக் காட்டுகின்றனவா, பிசினில் மாட்டக்கூடிய பூச்சிகளை மட்டும் காட்டுகின்றனவா? இதைச் சோதிக்க மோனிகா சொலொர்சானோ கிராமர் குழு மடகாஸ்கர் காட்டுக்குப் போனது. இன்றைய மரங்களின் பிசினில் சிக்கிய பூச்சிகளையும், அருகே வைத்த பலவகைப் பொறிகளில் விழுந்தவற்றையும் ஒப்பிட்டது. 2018-ல் வந்த முடிவு: மரத்தண்டையும் அதைச் சுற்றியும் வாழ்பவையே பிசினில் அதிகம் மாட்டுகின்றன, மஞ்சள் ஒட்டுப்பொறியில் கிடைப்பதோடு அது ஒத்துப்போகிறது. அம்பர் பொய் சொல்வதில்லை, ஆனால் தண்டுப் பக்கத்துக் கதையைத்தான் சொல்கிறது.

மடகாஸ்கரில் பார்த்தது ஹைமெனேயா மரம். குர்ஜன் காட்டில் இதே வேலையைச் செய்தால், காம்பே அம்பரைப் படிப்பவர்களுக்கு நேரடியாகப் பயன்படும். ஒரு முதுகலை மாணவரின் கைக்கு அடங்கிய வேலை இது. வேண்டியவை ஒட்டுப்பொறி, கைலென்ஸ், கேமரா, குறிப்பேடு, வனத்துறை அனுமதி. பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

அனுமதி இல்லாமலே இன்று தொடங்கக்கூடியதும் உண்டு. வீட்டுச் சுவரிலோ மரப்பொந்திலோ கொசுத்தேனீ கூடு கட்டியிருந்தால் அதன் வாசலைப் பாருங்கள். அந்தக் குழாய் பிசினும் மெழுகும் கலந்தது. எந்த மரத்திலிருந்து பிசின் வருகிறது, எந்த மாதத்தில் அதிகம், கூட்டை எந்த எறும்பு தாக்குகிறது என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். காம்பே அம்பரிலும் தேனீக்கள் கிடைத்திருக்கின்றன. பிசினும் தேனீயும் எப்படிச் சந்திக்கின்றன என்பதை நேரில் பார்த்தவர் அந்தக் கட்டுரைகளை வேறு கண்ணோடு படிப்பார். படங்களை ஐநேச்சுரலிஸ்ட்டிலோ இந்தியப் பல்லுயிர் வலைத்தளத்திலோ ஏற்றினால் தெரிந்தவர்கள் திருத்துவார்கள். பூச்சி அடையாளம் கற்க இதைவிட மலிவான வகுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

எந்தப் பூச்சியை எடுப்பது என்ற கேள்விக்கு என் பரிந்துரை: ஒரு குடும்பத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாப் பூச்சியும் ஓரளவு தெரிந்தவரை யாரும் கூப்பிடுவதில்லை. எறும்பு மட்டும், அல்லது கறையான் மட்டும், அல்லது இலைப்பேன் மட்டும் அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவருக்கு எங்கெங்கோ இருந்து மாதிரிகள் வரும். சென்னை லயோலா கல்லூரியில் பூச்சியியல் ஆராய்ச்சி நிலையத்தை உருவாக்கிய டி.என். அனந்தகிருஷ்ணனை உலகம் அறிந்தது இலைப்பேன்களால்தான். ஒரு மில்லிமீட்டர் பூச்சியைப் பற்றிக்கொண்டவர் பிறகு இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்கே இயக்குநரானார். கோயம்புத்தூர் பக்கம் போனால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள்.

படிப்பும் தேர்வும்

வழி மூன்று. பூச்சி வழி: விலங்கியல் அல்லது பூச்சியியல் முதுகலை. தாவர வழி: தாவரவியல் முதுகலை, பிறகு மகரந்தவியல். அம்பரில் பூச்சியைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். பூவும் மகரந்தமும் இலைமயிரும் அதே துண்டில் கவனிக்க ஆளில்லாமல் கிடக்கின்றன, அதனால் இந்த வழியில் கூட்டம் குறைவு. வேதியியல் வழி: பிசினின் மூலக்கூறுகளை வைத்து மரத்தைக் கண்டுபிடிப்பது. ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் புவி வேதியியல் ஆய்வுக்கு வேதியியல் பட்டதாரிகளும் போகலாம்.

ஜியாலஜி வேண்டுமென்றால் மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறத் தயாராக இருங்கள். சென்னை மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம் எல்லாம் இதற்குப் பேர்போனவை. படிக்கும் காலத்தில் திருவக்கரைக் கல்மரப் பூங்காவையும் பெரம்பலூர் பக்கத்துச் சாத்தனூர் கல்மரத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். சாத்தனூர் மரத்தை 1940-ல் அறிவியல் உலகுக்குச் சொன்னவர் தஞ்சைப் பக்கத்து எம்.எஸ். கிருஷ்ணன். பிறகு இந்திய நிலவியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநர் ஆனார். அவர் எழுதிய பாடநூல் இந்தியாவையும் பர்மாவையும் சேர்த்தே பேசியது. அது பொருத்தம்தான், பர்மாவின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி மீண்டும் தலை தூக்குவதுதான் அந்தமான்.

இளங்கலையிலேயே முயல வேண்டியது, மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் கீழ் வேலை செய்யலாம். விண்ணப்பத்தில் ‘எனக்கு ஆர்வம் அதிகம்’ என்று எழுதாமல், கொசுத்தேனீக் கூட்டின் குறிப்பேட்டைப் பற்றி எழுதுங்கள்.

முதுகலைக்குப் பின் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு. உயிரியல், புவி அறிவியல், வேதியியல் மூன்றிலும் எழுதலாம். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு 42,000. இது 2023 முதல் நடைமுறையில் உள்ள தொகை. கையில் உதவித்தொகையோடு போகிறவருக்கு வழிகாட்டி கிடைப்பது எளிது. லக்னோ நிறுவனம் இந்த வழியில் முதல் இலக்கு. பீர்பால் சாஹ்னி 1946-ல் அதைத் தொடங்கினார். 1949 ஏப்ரலில் நேரு அடிக்கல் நாட்டிய ஒரே வாரத்தில் காலமானார். காம்பே அம்பர் ஆய்வில் இந்தியப் பக்கத்தின் மையம் அந்த வளாகம்தான்.

நிரந்தர அரசு வேலை வேண்டுவோருக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி விஞ்ஞானித் தேர்வு. வயது 21 முதல் 32. பிரிவுக்கேற்பத் தளர்வு உண்டு. முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என மூன்று கட்டம். ஜியாலஜிஸ்ட் பதவிக்கு ஜியாலஜி சார்ந்த முதுகலை கட்டாயம். விலங்கியல் படித்தவர் இதை நம்பி இருக்கக் கூடாது. இந்திய நிலவியல் ஆய்வகத்துக்குள் போனதும் அம்பர் கையில் வந்துவிடாது. பெரும்பாலும் வரைபட வேலையும் கனிமத் தேடலும்தான். தொல்லுயிர்ப் பிரிவுக்குப் போக விரும்புகிறவர் அதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது.

இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. அந்தமான் பாறைகளில் போராமினிபெரா, ரேடியோலேரியா போன்ற நுண்புதைபடிவங்கள் ஏராளம். எண்ணெய்த் துரப்பணத்தில் பாறையின் வயதைச் சொல்ல இவை வேண்டும். 2025 செப்டம்பரில் ஆயில் இந்தியா நிறுவனம் அந்தமான் கடலில் துளைத்த ஸ்ரீ விஜயபுரம்-2 கிணற்றில் இயற்கை எரிவாயு இருப்பதாக மத்திய அரசு அறிவித்தது. நுண்ணோக்கியில் பழகிய கண்ணுக்கு அங்கே மதிப்புண்டு. வீட்டு நிலைமை பார்த்து இதை முதலில் பிடித்துக்கொண்டு, அம்பரைப் பக்கத்தில் வைத்திருப்பதில் தவறே இல்லை.

கையில் ஒரு துண்டு வந்தால்

விற்பனைக்கு வருவதில் போலி நிறைய. பிளாஸ்டிக்குக்குள் புதுப்பூச்சியை வைத்து வார்ப்பது பழைய வித்தை. பூச்சி மிகப் பெரிதாக, நடுவாக, இறக்கை விரித்து அழகாக இருந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையான பூச்சி திமிறியிருக்கும். பக்கத்தில் குமிழி, தூசி, பிசின் ஓடிய கோடு இருக்கும். கெட்டியான உப்புக் கரைசலில் அம்பர் மிதக்கும், பல பிளாஸ்டிக்குகள் மூழ்கும்.

கோபால் என்பது இன்னும் முதிராத இளம் பிசின். ஒரு சொட்டு அசிட்டோன் வைத்தால் அதன் மேற்பரப்பு பிசுபிசுக்கும், அம்பர் அசையாது என்பார்கள். பால்டிக் அம்பருக்கு இது சரி. காம்பே அம்பரிடம் இந்தச் சோதனையை நம்பக் கூடாது. ஐந்து கோடி வயதானாலும் அது டொலுயீன், குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்களில் கரைகிறது. ஆய்வாளர்களுக்கு இது பெரிய வரம்: பிசினைக் கரைத்துவிட்டுப் பூச்சியை முழுதாக வெளியே எடுத்து எல்லாப் பக்கமும் பார்க்கலாம். வேறு அம்பரில் கண்ணாடிக்குள் இருப்பதைப்போல வெளியிலிருந்து பார்க்க மட்டுமே முடியும், அல்லது எக்ஸ்ரே சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும்.

வெட்டுவது, ஈரம் விட்டு உப்புத்தாளில் தேய்ப்பது, எபாக்ஸியில் பொதிவது, பல ஆழங்களில் எடுத்த படங்களைக் கணினியில் ஒன்றாக்குவது: கைவேலை இவ்வளவும் உண்டு. முதலில் குர்ஜன் பிசினில் பழகுங்கள், கெட்டாலும் நஷ்டமில்லை. தீவின் ஈரக்காற்றும் வெயிலும் அம்பருக்கு ஆகாது. காற்றுப் புகாத டப்பாவில் இருட்டில் வையுங்கள். துண்டோடு எங்கே, எந்தப் படிவில், எந்தத் தேதியில், யார் எடுத்தது என்ற சீட்டு இல்லையென்றால் அது நகைக்கடைக்குத்தான் லாயக்கு.

வாங்கக் கூடாதது

பக்கத்து மியான்மரின் கச்சின் மாநிலத்தில் ஹுகாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே கிடைக்கும் அம்பர் சுமார் 9.9 கோடி ஆண்டு பழசு. நம் நிலவியல் ஆய்வகத்தின் ஃபிரிட்ஸ் நோட்லிங் 1890-களிலேயே அதைப் பற்றி எழுதினார். பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதி. 2016-ல் உலகத்தை வியக்க வைத்த இறகுள்ள டைனோசர் வால், சீன ஆய்வாளர் ஷிங் லிடா அங்குள்ள மிச்சினா சந்தையில் வாங்கியது. ஆனால் அந்தச் சுரங்கப் பகுதி ஆயுத மோதலுக்கு நடுவே இருக்கிறது. 2017 ஜூனில் ராணுவம் அதைக் கைப்பற்றியது. 2020 ஏப்ரலில் முதுகெலும்பித் தொல்லுயிரியல் சங்கம், புதிதாக வரும் பர்மிய அம்பரை வைத்து ஆய்வுக் கட்டுரை வெளியிடுவதை நிறுத்தி வைக்கும்படி ஆய்விதழ்களைக் கேட்டுக்கொண்டது. நீங்கள் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது என்று தெரியாத பொருளை வாங்காதீர்கள். வாங்கிச் சேர்த்ததைப் பிறகு பதிப்பிக்கவும் முடியாமல் போகலாம்.

அதே 2020 மார்ச்சில், பர்மிய அம்பரில் இருந்த ஒரு சிறு மண்டையோட்டை டைனோசர் காலத்தின் மிகச் சிறிய பறவை வகை என்று ‘நேச்சர்’ இதழ் வெளியிட்டது. ஜூலையில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அது பல்லி வகை. பெரிய பெயர்களும் பெரிய இதழும் சேர்ந்தே அடையாளத்தில் இடறியிருக்கிறார்கள் என்றால், சரியாக அடையாளம் சொல்லும் கண்ணின் விலையைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தீவிலும் எல்லை தெரிந்திருக்க வேண்டும். காப்புக்காட்டில் பிசினோ பூச்சியோ எடுக்க வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். 1956-ன் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வரும் பகுதிகளுக்குள், ஜாரவா காப்புப் பகுதி உட்பட, ஆய்வு என்ற பெயரிலும் நுழையக் கூடாது. ஜாரவா பகுதியூடே பாராடாங் போகும் வழியில் வண்டியை நிறுத்தி மரத்தைப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். கடற்கரையில் மஞ்சள் கட்டி கிடைத்தால் பிசினா பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். மெழுகு போன்ற சாம்பல் கட்டியானால் அது திமிங்கலத்திடமிருந்து வந்த அம்பர்கிரிஸ் ஆக இருக்கலாம், அதை வைத்திருப்பதே குற்றம், வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். செத்த பவளத்தையும் எடுக்காதீர்கள். உயிருள்ள காட்டின் மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வாளருக்கு அனுப்பும் முன், சென்னை தரமணியில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் படியுங்கள்.

முதல் கடிதம்

ஆய்வாளருக்கு எழுதும் முதல் மின்னஞ்சல் பத்து வரியைத் தாண்டக் கூடாது. அவருடைய ஒரு கட்டுரையையாவது முழுதாகப் படித்துவிட்டு, அதிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ‘சார், உங்களிடம் ஆய்வு செய்ய ஆசை’ என்ற வரி அவருக்குத் தினமும் வருகிறது. ‘எங்கள் ஊர்க் கொசுத்தேனீக் கூட்டில் இந்த எறும்பு பிசினில் ஒட்டி இறந்து கிடந்தது, படம் இணைத்திருக்கிறேன், இதன் குடும்பம் நான் நினைப்பதுதானா?’ என்ற வரி வருவதில்லை. படத்தில் அளவுகோல் வையுங்கள். இடம், தேதி, மரம் எழுதுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள்; அதற்கும் வராவிட்டால் அடுத்தவருக்கு எழுதுங்கள்.